மண்ணை எடுத்துச்சென்ற தோட்டக்காரர்கள்: பாரிஸின் குளிர்காலக் கீரையும் குதிரை எருவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரின் ஓரங்களில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த காய்கறித் தோட்டக்காரர்கள், ஒப்பந்தத்தில் ஒரு விநோதமான உரிமையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டனர். குத்தகைக் காலம் முடிந்து வெளியேறும்போது, தம் கண்ணாடிச் சட்டங்களையும் தண்ணீர்க் குழாய்களையும் போலவே, குறிப்பிட்ட ஆழம்வரை தோட்டத்து மண்ணையும் வண்டியில் ஏற்றிச் செல்லலாம் என்பதே அந்த உரிமை. இச்செய்தியைப் பதிவு செய்தவர் ரஷ்ய அரசின்மைவாதியும் புவியியலாளருமான பீட்டர் க்ரொபோட்கின். நிலம் உடைமையாளருக்கு உரியது. அதன்மேல் கிடக்கும் மண் குத்தகைக்காரருக்கு உரியது. நிலம், மண் என்ற இரு சொற்களையும் ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றி வழங்கும் நமக்கு இந்தப் பிரிவினை சற்றுத் திகைப்பூட்டக்கூடும். அந்தத் தோட்டக்காரர்களுக்கோ அது வெறும் நடைமுறைக் கணக்கு. அந்த மண்ணை ஆண்டுக்கணக்கில் குதிரை இலத்தியிலிருந்து உண்டாக்கியவர்கள் அவர்களே.

மண்ணை உண்டாக்குவது அவர்களுடைய முதல் நோக்கமாக இருக்கவில்லை. பனி உறையும் சனவரியிலும் பாரிஸ் மேசைகளுக்குப் பச்சைக் கீரை அனுப்புவதே அவர்கள் தொழில். அதற்குத் தேவைப்பட்ட வெப்பத்தின் எச்சமாகவே மண் கிடைத்தது. இன்று தோட்டக்கலை நூல்களில் குளிர்ப்பாத்தி என்னும் பொருளில் வழங்கும் அமைப்பு, அதாவது அடியில் வெப்பம் எதுவுமின்றி மேலே கண்ணாடி மட்டும் போர்த்திய பாத்தி, எளிமையான பழைய மரபாக எழுதப்படுகிறது. பாரிஸின் வரலாற்றைப் படிப்பவர்க்கு அது வேறுவிதமாகத் தோன்றும். அங்கே முதன்மையாக இருந்தது சூட்டுப்பாத்தி. குதிரை நகரை விட்டு நீங்கியபின் எஞ்சியதே இன்றைய குளிர்ப்பாத்தி.

இத்தோட்டக்காரர்களைப் பிரெஞ்சு மொழி 'மரேஷே' என்று அழைக்கிறது. சதுப்பு நிலத்தைக் குறிக்கும் 'மரே' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சேன் ஆற்றின் வலக்கரையில் இருந்த பழைய சதுப்புகளில் காய்கறி பயிரிட்டவர்களுக்கு முதலில் வழங்கிய பெயர், பின்னர் சதுப்போடு எத்தொடர்பும் இல்லாத தோட்டக்காரர்களுக்கும் நிலைத்துவிட்டது. இன்று 'மரே' என்பது பாரிஸின் நடுவே அருங்காட்சியகங்களும் விலையுயர்ந்த கடைகளும் நிறைந்த ஒரு பகுதி. நகரம் வளர வளரத் தோட்டங்கள் வெளியே தள்ளப்பட்டன. முதலில் கிழக்குப் புறநகர்கள். 1860இல் சுற்றுக் கிராமங்கள் நகரோடு இணைக்கப்பட்டபின் இன்னும் அப்பால், விட்ரி, கிரெத்தேய், பொபிஞி போன்ற ஊர்கள். ஒரே குடும்பம் மூன்று தலைமுறைகளில் மூன்று முறை இடம்பெயர நேரலாம். மண்ணை எடுத்துச்செல்லும் உரிமை ஏன் எழுதி வாங்கப்பட்டது என்பது இந்தப் பின்னணியில் விளங்கும்.

கண்ணாடியின் கீழ்க் காய்கறி வளர்க்கும் எண்ணம் மட்டும் மிகப் பழையது. உரோமப் பேரரசர் திபேரியஸுக்கு நாள்தோறும் வெள்ளரிக்காய் வேண்டியிருந்ததாகவும், சக்கரம் பூட்டிய பாத்திகளை வெயிலுக்கு நகர்த்தியும் குளிர்நாளில் ஒளிபுகும் கல்தகடுகளால் மூடியும் அதை விளைவித்ததாகவும் பிளினி எழுதுகிறார். (அந்தக் காய் வெள்ளரியே அன்று, நம் கக்கரிக்காய்க்கு நெருங்கிய நீண்ட முலாம்பழ வகை என்பது தாவர வரலாற்றாளர்கள் அண்மையில் முன்வைத்திருக்கும் கருத்து. இலத்தீன் சொல்லின் பொருள் காலப்போக்கில் நழுவியதை மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்கத் தவறியதால் வந்த குழப்பம் இது.) அடுத்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனைக்காக 1678 முதல் 1683 வரை அமைக்கப்பட்ட அரசரின் காய்கறித் தோட்டம். அதன் பொறுப்பாளர் லா கின்தினி. அந்த இடமும் ஒரு சதுப்பே. அதை வடித்து, சாத்தோரிக் குன்றிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்பினர். திசம்பரில் ஆஸ்பராகஸ் தண்டும் சனவரியில் லெட்டூஸ் கீரையும் முள்ளங்கியும் அரசருக்கு அளித்ததாக லா கின்தினி பெருமையோடு எழுதினார்; அவர் இறந்தபின் 1690இல் அந்நூல் அச்சேறியது. புதிய எருவைக் குவித்து அதன் சூட்டில் விளைவிக்கும் முறை அப்போதே நன்கு தெரிந்திருந்தது. செலவைக் கேட்பார் இல்லாத தோட்டம் அது.

அரண்மனைக்குள் இருந்த இம்முறை குத்தகைக்காரரின் கைக்கு வந்த கதைக்கு முதன்மைச் சான்று, 1845இல் வெளிவந்த பாரிஸ் காய்கறிப் பயிர்த்தொழில் கையேடு. வேளாண் கழகம் ஒன்று அறிவித்த பரிசுக்காக மொரோ, டாவெர்ன் என்ற இருவர் அதை எழுதினர். இருவரும் தொழில்முறைத் தோட்டக்காரர்கள் என்பதே அந்நூலின் தனிச்சிறப்பு. வேளாண்மை பற்றிய அக்கால நூல்கள் பெரும்பாலும் நிலக்கிழார்களும் கழக உறுப்பினர்களும் எழுதியவை. பாத்தியில் குனிந்து நின்றவர் பேனா பிடித்தது அரிது. இந்நூலில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒவ்வொரு பயிருக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது, அதைச் செய்து தவறி மீண்டும் செய்தவரின் குரலில் பதிவாகியிருக்கிறது. கண்ணாடி மணிகள் ஏற்கெனவே வழக்கில் இருந்தன என்றும், கண்ணாடிச் சட்டங்களை 1780ஆம் ஆண்டளவில் ஃபூர்னியே என்பவர் முதலில் தொழில்முறைத் தோட்டத்தில் பயன்படுத்தினார் என்றும் அது குறிப்பிடுகிறது. புரட்சிக்குச் சில ஆண்டுகளே இருந்த காலம். அரசரின் சனவரிக் கீரை சந்தைச் சரக்காவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

முறையின் உள்ளமைப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்; அங்கேதான் இவ்வரலாற்றின் முடிச்சு இருக்கிறது.

சூட்டுப்பாத்திக்குப் பிரெஞ்சில் 'கூஷ்' என்று பெயர்; படுக்கை என்பது பொருள். தொழுவத்திலிருந்து வந்த புதிய குதிரை எருவை, அதாவது சிறுநீர் ஊறிய வைக்கோலும் இலத்தியும் கலந்ததை, முழங்கால் அளவுக்குப் பரப்பி மிதித்து நனைப்பர். நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கத் தொடங்கியதும் சில நாட்களில் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். அந்த முதற்சூடு விதையை அவித்துவிடும். ஆகவே சூடு தணிந்து, வேர் தாங்கும் நிலைக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். புதிய எருவோடு பழைய எருவைக் கலந்தால் சூடு மிதமாகவும் நெடுநாளும் நீடிக்கும். எவ்வளவு கலப்பது என்பது நடப்போகும் பயிரையும் மாதத்தையும் பொறுத்தது. எருவின்மேல் முன்னாண்டுப் பாத்திகளிலிருந்து கிடைத்த முற்றிலும் மக்கிய கரிய பொடிமண்ணை ஒரு சாண் அளவுக்கு இடுவர். 'தெரோ' எனப்படும் இம்மண்ணில்தான் விதை விழும். வேர் எருவைத் தொடுவதற்குள் எருவும் பாதி மண்ணாகியிருக்கும்.

பாத்தியைச் சுற்றி மரச்சட்டம். அதன்மேல் கண்ணாடி பதித்த மூன்று மூடிகள். ஒவ்வொரு மூடியும் நீளஅகலம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். தெற்குநோக்கிய சிறு சரிவு, தாழ்ந்த குளிர்காலச் சூரியனை உள்வாங்கும். பகலில் கண்ணாடியின் ஊடே புகுந்த ஒளி மண்ணைச் சூடாக்கும். சூடேறிய காற்று மேலெழுந்து தப்ப முடியாமல் உள்ளே தங்கும். இரவில் அதே கண்ணாடி வெப்பத்தை வெளியே இழக்கத் தொடங்கும். ஆகவே மாலையில் ஒவ்வொரு மூடியின்மேலும் வைக்கோல் பாய் விரித்துக் காலையில் சுருட்ட வேண்டும். இப்பாய்களைத் தோட்டக்காரர்களே கம்பு போன்ற நீண்ட தாளுடைய ரை வைக்கோலில் முடைந்துகொள்வர். அடியில் எருவின் சூடு குறைந்தால், பாத்திகளுக்கு இடையே உள்ள நடைவழிகளில் புதிய எருவை நிரப்பிப் பக்கவாட்டிலிருந்து மீண்டும் சூடேற்றுவர். வெயில் சற்றுக் கூடினாலோ மூடியின் ஒரு விளிம்பை உயர்த்திப் பல்வெட்டிய மரக்கட்டையால் முட்டுக்கொடுத்துக் காற்று விட வேண்டும். தவறினால் கீரை வெந்துபோகும், அல்லது ஈரத்தில் அழுகும். குளிரிலிருந்து காப்பதைவிட இந்தக் காற்றாட்டமே கடினமான கலை என்பது பாத்தி கண்ட எவரும் ஒப்பும் செய்தி.

சட்டங்களோடு கண்ணாடி மணிகளும் இருந்தன. ஆலய மணியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற பெரிய ஒற்றைக் கண்ணாடிக் கூடு அது. ஒரு மணியின்கீழ் நடுவில் நீண்டு நிமிரும் ரொமேன் கீரை ஒன்று, அதைச் சுற்றி உருண்டு திரளும் சிறு லெட்டூஸ் மூன்று நான்கு. சிறியவை முதலில் அறுவடையாகும். விடுபட்ட இடத்தில் நடுவிலிருப்பது விரியும். சட்டங்களுக்குள்ளும் இதே சிக்கனம். முள்ளங்கியும் கேரட்டும் விதைத்த பாத்தியின்மேலேயே லெட்டூஸ் நாற்று நடப்படும். முள்ளங்கி முதலில் வெளியேறும், பிறகு லெட்டூஸ், பிறகு கேரட். வசந்தத்தில் அதே இடத்தில் காலிஃபிளவர், கோடையில் முலாம்பழம். ஒரு பிடி மண்ணும் ஒரு வாரமும் சும்மா இருப்பதில்லை. கண்ணாடியும் எருவும் விலையுயர்ந்தவை; குத்தகையும் அப்படியே.

இங்கு ஒரு நுட்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். பாரிஸ் ஏறத்தாழ 49 பாகை வட அட்சரேகையில் உள்ளது. நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி தொடக்கம்வரை அங்குப் பகற்பொழுது பத்து மணி நேரத்துக்கும் குறைவு. திசம்பர் இறுதியில் எட்டேகால் மணி நேரமே. அவ்வளவு குறைந்த ஒளியில், வெப்பமும் இல்லையெனில், கீரை வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும். சாகாது, அப்படியே இருக்கும். வெறும் கண்ணாடி போர்த்திய குளிர்ப்பாத்தியில் 'குளிர்காலத்தில் கீரை வளர்ப்பது' என்ற தொடரே ஒருவகையில் பிழையானது. அங்கே நடப்பது, ஆகஸ்ட்டிலும் செப்டம்பரிலும் விதைத்து முன்பனிக்கு முன்னரே பெரும்பகுதி வளர்ந்துவிட்ட கீரையை வாடாமல் காத்துவைத்து வேண்டியபோது பறிப்பது. பசளைக்கீரையை ஒத்த ஸ்பினாச்சும், சிறு கரண்டி வடிவ இலையுடைய 'மாஷ்' கீரையும் இதற்கு ஏற்றவை. உறைபனி பட்டுத் தளர்ந்து, வெயில் ஏறியதும் மீண்டும் நிமிரும் திறம் அவற்றுக்கு உண்டு. லெட்டூஸ் அவ்வளவு திடமானதன்று. எருச்சூட்டால் வேரை வெதுவெதுப்பாக வைத்துக் குறைந்த ஒளியிலும் அதை மெல்ல வளரச் செய்து, சனவரியிலும் பிப்ரவரியிலும் இளந்தளிராகச் சந்தைக்கு அனுப்பியதே மரேஷேயின் சாதனை. அதற்கு எரு வேண்டும். எருவுக்குக் குதிரை வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் குதிரைக்குப் பஞ்சமில்லை. பயணிகள் வண்டி, சரக்கு வண்டி, வாடகை வண்டி, படைக்கொட்டில் என நகரின் இயக்கம் முழுவதும் குதிரையை நம்பியிருந்தது. காய்கறியோடு இரவில் நடுச்சந்தைக்குச் சென்ற வண்டி, காலையில் எருவோடு திரும்பியது. எமில் சோலா 1873இல் வெளியிட்ட 'பாரிஸின் வயிறு' புதினம் நாந்தேர் ஊர்க் காய்கறி வண்டிகள் இருளில் நகரை நோக்கி நகரும் காட்சியோடு தொடங்குவதை இலக்கிய மாணவர்கள் அறிவர். அதில் வரும் பிரான்சுவா அம்மையார், சந்தையில் கழித்த இலைகளையும் தோல்களையும் திரும்பும் வண்டியில் அள்ளிச்சென்று தம் தோட்டத்துக்கு உரமாக்குகிறார்.

இச்சுழற்சியின் அளவை 1977இல் ஜி. ஸ்டான்ஹில் ஒரு கட்டுரையில் கணக்கிட்டார். நகரப் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு காய்கறித் தோட்டங்களாக இருந்தது. ஆண்டுக்கு 1,00,000 டன்னுக்கு மேற்பட்ட, பருவம் தப்பிய, நல்ல விலைபோகும் கீரை காய்கறிகள் விளைந்தன. அதற்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் குதிரை எரு செலவானது. இவ்வளவு எருவும் மக்கி மண்ணாகியதால், தோட்டப்பரப்பை ஆண்டுக்கு 6 விழுக்காடு விரிவாக்கப் போதுமான மிகுதி மண் உருவானது என்பது அவர் கணக்கு. மண் அரிமானத்தையே வேளாண்மையின் விதியாகப் படித்துவரும் தலைமுறைக்கு, மண் மிகுந்துபோன ஒரு வேளாண்மை வியப்பளிக்கும்.

இடையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறாமல் நகர இயலவில்லை. பிரெஞ்சுத் தோட்டக்காரர்களின் காவல் புனிதர் பெயர் ஃபியாக்கர். பாரிஸின் வாடகைக் குதிரைவண்டிக்கும் 'ஃபியாக்கர்' என்றே பெயர். பதினேழாம் நூற்றாண்டில் வண்டிகளை வாடகைக்கு விட்ட இடம் புனித ஃபியாக்கரின் பெயர் தாங்கிய கட்டடம் என்பதால் அப்பெயர் வண்டிக்கு ஒட்டிக்கொண்டது. வண்டிக்கும் தோட்டத்துக்கும் பொருளளவில் தொடர்பே இல்லை, முற்றிலும் தற்செயல். ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு ஃபியாக்கரின் குதிரை இட்ட இலத்தி மற்றொரு ஃபியாக்கரின் அடியவர்களுடைய பாத்தியைச் சூடாக்கியது.

க்ரொபோட்கினிடம் திரும்பலாம். அவர் 1883 முதல் 1886 வரை பிரான்சில் சிறையிலிருந்தவர். கிளேர்வோ சிறையில் அரசியல் கைதிகளுக்குக் கிடைத்த சிறு நிலத்துண்டில் லெட்டூஸும் முள்ளங்கியும் நம்பமுடியாத அளவுக்கு விளைவித்ததைத் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். விடுதலைக்குப்பின் இங்கிலாந்தில் இருந்து அவர் எழுதிய கட்டுரைகள் 1899இல் 'வயல்கள், தொழிற்சாலைகள், பணிமனைகள்' என்ற நூலாக வந்தன. அதில் பாரிஸ் தோட்டக்காரர் முதன்மைச் சாட்சியாக நிற்கிறார். போன்ஸ் என்ற தோட்டக்காரர் 2.7 ஏக்கரில் ஓராண்டில் எடுத்த விளைச்சலை அவர் பட்டியலிடுகிறார்: கீரைத் தலைகள் மட்டுமே 1,54,000, முட்டைக்கோசு 6,000, காலிஃபிளவர் 3,000, தக்காளி 5,000 கூடை, மொத்த எடை ஏறத்தாழ 2,50,000 பவுண்டு. பாத்திகளின் மட்டம் ஆண்டுதோறும் உயர்ந்துவிடாமல் இருக்க 250 கன கஜம்வரை மண்ணை விற்கவேண்டியிருந்தது என்பதையும் அங்கேயே குறிப்பிடுகிறார்.

இந்த எண்கள் யாருக்கு எதிராக அடுக்கப்பட்டன என்பதே கவனிக்க வேண்டியது. மக்கள்தொகை உணவை விஞ்சும் என்று 1798இல் எழுதிய மால்தஸ் ஓர் எதிரி. மற்றவர் ரிக்கார்டோ. 1817இல் அவர் நிலவாடகைக்கு அளித்த விளக்கம், மண்ணுக்கு இயல்பாகவே அமைந்த, அழியாத ஆற்றல்கள் உண்டு என்ற கருத்தின்மேல் நிற்கிறது. அந்த ஆற்றலைப் பயன்படுத்துவதற்காக உழுபவர் உடைமையாளருக்குத் தருவதே வாடகை. பாரிஸ் தோட்டத்திலோ மண்ணுக்கு இயல்பான ஆற்றல் என்று ஏதுமில்லை. கற்காரைத் தரைமேலும் அதே விளைச்சலை எடுக்க முடியும். மண்ணைக் குத்தகைக்காரரே கொண்டுவருகிறார், போகும்போது கொண்டுபோகிறார். அப்படியானால் உடைமையாளர் எதற்காக வாடகை வாங்குகிறார்? நகருக்கு அருகில் ஓர் இடத்தை அடைத்து வைத்திருப்பதற்காக மட்டுமே. ரிக்கார்டோவை மறுக்க ஒரு கோட்பாட்டு நூல் செய்யக்கூடியதைவிட அந்தக் குத்தகைப் பத்திரத்தின் ஒற்றை வரி கூடுதலாகச் செய்கிறது. க்ரொபோட்கின் இதைக் கண்டுகொண்டது அவர் வாதத்தின் வலுவான பகுதி.

வலுவற்ற பகுதியும் உண்டு. தோட்டக்காரரின் உழைப்புக் கடுமையை அவர் மறைக்கவில்லை. நீராவிக் குழாய்களும் வெப்பமூட்டிய கண்ணாடி வீடுகளும் அதைக் குறைக்கும் என்று நம்பினார். ஆயினும் 1845ஆம் ஆண்டுக் கையேட்டைப் படித்தபின் அந்த நம்பிக்கை இலேசானதாகத் தோன்றுகிறது. மொரோவும் டாவெர்னும் தரும் கணக்குப்படி, ஆண்டில் ஏழு மாதங்கள் தோட்டக்காரர்கள் நாளுக்குப் 18 முதல் 20 மணி நேரம் உழைத்தனர். குளிர்காலத்தின் ஐந்து மாதங்களில் 14 முதல் 16 மணி நேரம். போதாக்குறைக்கு இரவில் எழுந்து வெப்பமானியைப் பார்த்து, பாய்களை இரட்டிப்பாக்க வேண்டும். ஒரு பாகை உறைபனி ஆண்டின் முதலீட்டை அழித்துவிடும். கணவன், மனைவி, பிள்ளைகள், கூலியாட்கள் அனைவரும் பாத்தியோடு கட்டுண்டவர்கள். கிணற்று நீரை இரு கைகளிலும் பூவாளி ஏந்திப் பாய்ச்சியவர்களும், விடியுமுன் சந்தையில் நின்று விற்றவர்களும் இவர்களே. ஒரு மூடிக்கு ஒரு பாய், இரவும் காலையும் ஒருமுறை, நூற்றுக்கணக்கான மூடிகள். விளைச்சலை ஏக்கருக்கு வகுத்தால் வியப்பு வரும். மனித மணிநேரத்துக்கு வகுத்தால் வேறு உணர்ச்சி வரும்.

மற்றொரு விடுபாடு இன்னும் பெரியது. எரு நகரிலேயே கிடைத்தது. எருவின் மூலம் நகரில் இல்லை. குதிரை தின்ற ஓட்ஸும் புல்லும், தொழுவத்தில் விரித்த வைக்கோலும் சுற்றுச் சமவெளிகளின் வயல்களிலிருந்து வந்தவை. ஆறில் ஒரு பங்கு நகரப்பரப்பு தன்னைத்தானே வளப்படுத்திக்கொண்டது என்று கூறுவது, அதற்குப் பின்னால் இருந்த பரந்த தீவன வயல்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதாகும். க்ரொபோட்கினின் எண்களில் அவ்வயல்களுக்கு இடமில்லை. ஸ்டான்ஹில் இதை ஆற்றல் கணக்காக எழுப்பினார்: எடை, ஆற்றல், பணம் ஆகிய மூன்று அளவிலும் பாரிஸ் தோட்டங்களின் உள்ளீடும் விளைவும், இன்றைய முழுதும் எந்திரமயமான வேளாண்மையின் பெரும்பாலான எடுத்துக்காட்டுகளை விஞ்சின. நகர்ப்புற வேளாண்மையை ஆதரித்து எழுதுவோர் அவர் கட்டுரையிலிருந்து விளைச்சல் எண்ணையே பெரிதும் மேற்கோள் காட்டுகின்றனர். உள்ளீடு பற்றிய அடுத்த வாக்கியத்தையும் சேர்த்துப் படிப்பது நல்லது. 'இயற்கை வேளாண்மை' என்ற இன்றைய அடையாளச் சீட்டை அத்தோட்டங்களின்மேல் ஒட்டுவதும் அவ்வாறே எளிதன்று. வேதியுரம் இல்லை என்பது உண்மை. குறைந்த உள்ளீடு என்பது உண்மையன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 'பிரெஞ்சுத் தோட்டம்' என்ற பெயரில் ஒரு மோகம் எழுந்தது. 1909ஆம் ஆண்டில் மட்டும் அத்தொழில் பற்றிப் பல கையேடுகள் வெளிவந்தன. கண்ணாடி மணிகள் இறக்குமதியாயின. பாத்தியை அமைப்பது கற்கக்கூடியதாக இருந்தது. பாரிஸின் எருவும், பருவம் தப்பிய கீரைக்கு மிகைவிலை தரும் பாரிஸின் உணவகங்களும், இரவில் எழுந்து பாய் விரிக்கும் குடும்பமும் ஒருசேர வாய்க்கவில்லை. முதல் உலகப்போருக்குப்பின் அந்த மோகம் அடங்கிவிட்டது.

பாரிஸிலேயே முறை தளர்ந்ததற்குக் காரணங்கள் பல. தெற்கே மார்சேய் வரை இருப்புப்பாதை சென்றதும், மத்தியதரைக் கடலோரத்தில் எருவும் கண்ணாடியும் இன்றி விளைந்த முன்பருவக் காய்கறிகள் வடக்கே வரத் தொடங்கின. நகரின் நிலமதிப்பு ஏறியது. இறுதியாகக் குதிரையே நீங்கியது. 1900இல் சுரங்க இரயில் திறக்கப்பட்டது. 1906இல் மோட்டார்ப் பேருந்துகள் வந்தன. 1913 சனவரியில் கடைசிக் குதிரைப் பேருந்து ஓடி முடிந்தது. தீவனம் நின்ற இடத்தில் பெட்ரோல் வந்தது. பெட்ரோலின் கழிவில் எந்தக் கீரையும் முளைக்காது. இங்கும் ஒரு சொல் பயணம் செய்திருக்கிறது. தோட்டக்காரரின் கண்ணாடிச் சட்டத்துக்குப் பிரெஞ்சில் 'ஷாஸி' என்று பெயர். சன்னல் சட்டம், படச்சட்டம் என எந்தச் சட்டத்துக்கும் வழங்கிய பொதுச்சொல் அது. மோட்டார் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் அதே சொல் வழங்கியது. நம் ஊர் லாரிப் பட்டறைகளில் 'சேஸிஸ்' என்று ஒலிக்கும் சொல் அதுவே.

எரு நின்றபின் தோட்டங்கள் உடனே மறைந்துவிடவில்லை. சிலர் வெந்நீர்க் குழாய்களுக்கு மாறினர். சிலர் சூடின்றிக் கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டு, திசம்பர் லெட்டூஸைக் கைவிட்டுக் குளிர்தாங்கும் கீரைகளுக்கும் வசந்தத்தின் முன்விளைச்சலுக்கும் தம்மைச் சுருக்கிக்கொண்டனர். பின்னாளில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், 44 பாகை அட்சரேகையில், குளிர்ப்பாத்தியையும் சூடேற்றாத நெகிழிக் கூடாரத்தையும் கொண்டு ஆண்டு முழுவதும் கீரை பறிக்கும் முறையை எழுதிப் பரப்பிய எலியட் கோல்மன், பாரிஸ் மரேஷேக்களைத் தம் முன்னோடிகளாகக் குறிப்பிடுகிறார். கண்ணாடியின் பயன்பாட்டிலும் பருவக் கணிப்பிலும் அந்த மரபுரிமை மெய்யே. ஆனால் அவர் முறையின் நாட்காட்டி வேறு. பகல் பத்து மணி நேரத்துக்குக் குறையுமுன் கீரை வளர்ந்து முடிந்திருக்க வேண்டும். அதன்பின் காத்துவைப்பு மட்டுமே. சனவரியில் புதிதாகத் தளிர்க்கச் செய்யும் பேராசையை அம்முறை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிடுகிறது. எருவோடு சேர்ந்து இரவுக்காவலும் போய்விட்டது என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். குளிர்ப்பாத்தி வைத்திருப்பவர் சனவரி இரவில் உறங்கலாம்.

வெர்சாயில் லா கின்தினி அமைத்த அரசர் தோட்டம் இன்றும் இருக்கிறது. நிலவடிவக்கலைப் பள்ளி ஒன்றின் பொறுப்பில், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக, பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. பாரிஸ் குத்தகைக்காரர்களின் தோட்டங்களுக்கு அத்தகைய காப்பு கிட்டவில்லை. நகரின் பதினோராம் வட்டாரத்தில், காய்கறிப் பாத்திகளின் ஊடே ஒருகாலத்தில் சென்ற பாதை இப்போது கட்டடங்களுக்கு இடையே நீளும் தெரு. அதன் பெயர் மட்டும் மாறவில்லை: 'ஷெமேன் வேர்', பச்சைப் பாதை.